நிற்போர் சபை தோன்றிய விதம்

இராஜமாணிக்கம் காலை எட்டு நாற்பதுக்கு ஆபீசுக்குக் கிளம்புவார். தேய்த்த சட்டை, தோளில் லேப்டாப் பை, கழுத்தில் கம்பெனி கொடுத்த நீல டேக். லாவண்யா டிபன் பாக்ஸை நீட்டுவாள். "வரட்டா?" என்பார். "வாங்க" என்பாள். அவர் படியிறங்கித் தெருமுனை திரும்பும்வரை பால்கனியில் நின்று பார்ப்பாள். பெங்களூரு ஈஜிபுராவில் இவ்வளவு ஒழுங்கான குடும்பம் நான்கு தெருவுக்கு ஒன்று கிடைத்தால் அதிகம். இதில் ஒரே ஒரு குறைதான். ஆபீஸ் கிடையாது.

பதினோரு மாதமாகக் கிடையாது. ஒரு செவ்வாய்க்கிழமை அறுபது பேரை ஒரே வீடியோ மீட்டிங்கில் உட்காரவைத்து, பன்னிரண்டே நிமிடத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டிலிருந்தபடியே மீட்டிங்கில் இருந்தவர்களை எங்கே அனுப்புவது என்ற குழப்பம் மட்டும் கடைசிவரை தீரவில்லை. மறுநாள் ஒரு ஆள் வந்து லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டான். டேக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லையாம். ஆகவே இராஜமாணிக்கத்தின் கழுத்தில் தொங்குவது டேக் மட்டும். அதன் முனையிலுள்ள பிளாஸ்டிக் உறைக்குள் காற்று. அதைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டால் வெளியே தெரியாது. பைக்குள் இருப்பது சொந்தப் பழைய லேப்டாப். லாவண்யா அன்று வேலைக்குப் போயிருந்ததால் இதில் ஒன்றையும் பார்க்கவில்லை.

லாவண்யாவுக்குத் தெரியும். தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. அவள் கோரமங்களாவில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் முன்மேசையில் இருக்கிறாள். வருகிறவர்களின் சீட்டில் தேதியும் "வெறும் வயிறு" என்ற முத்திரையும் குத்துவது அவள் வேலை. ஆறு வருடமாகக் குத்தியதில் வலது கட்டைவிரல் நிரந்தரமாக ஊதா நிறமாகிவிட்டது. இரண்டாவது மாதம், கணவரோடு வேலை பார்த்த உமேஷ் அங்கே ரத்தம் கொடுக்க வந்தான். ஜீவனஹள்ளிப் பையன். வீட்டுக்கு இரண்டு மூன்று முறை வந்து சாப்பிட்டிருக்கிறான்.

"அண்ணி! அண்ணன் எப்படி இருக்காரு? பாவம், பன்னெண்டே நிமிஷம், முடிச்சிட்டாங்க. எனக்கு வேற எடத்துல கெடச்சிருக்கு, அதுக்குத்தான் இந்த டெஸ்ட்டு. அண்ணனுக்கும் ஒண்ணு சிக்கும் விடுங்க."

"நல்லாருக்காரு" என்றாள் லாவண்யா. அவன் சீட்டில் "வெறும் வயிறு" என்று மூன்று முறை குத்திவிட்டாள்.

உமேஷுக்குக் கிடைத்த அந்த வேலையும் ரத்தம் காய்வதற்குள் ரத்தானது என்பது தனிக்கதை.

அன்று மாலை அவரே சொல்லிவிடுவார் என்று காத்திருந்தாள். அவர் வந்து, இன்று ஆபீசில் ஏசி ரொம்ப அதிகம் என்றார். சரி, நாளைக்குச் சொல்வார். முதல் வாரம் அவர் மனசு நோகக்கூடாதென்று கேட்கவில்லை. முதல் மாதம் முடிந்ததும் அது வழக்கமாகிவிட்டது. அதற்குப் பிறகு கேட்டால், உனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று அவர் திருப்பிக் கேட்பார். ஒரு பொய்யை ஒருவர் மட்டும் சுமந்தால் முதுகு வலித்து என்றைக்காவது இறக்கிவைப்பார். இதில் ஆளுக்கொரு முனையைப் பிடித்திருந்ததால் சுமை லேசாக இருந்தது. குடும்பம் என்பதே அதற்குத்தானே.

இப்படியே இன்னும் எத்தனை வருடம் வேண்டுமானாலும் போயிருக்கும். கோவிந்தன் கெடுத்தான்.

கோவிந்தன் பரிசோதனை நிலையத்திலிருந்து ரத்தக் குப்பிகளை ஐஸ் பெட்டியில் எடுத்துப்போகிறவன். அத்திபெலேக்காரன். அவன் அண்ணன் அங்கே ஒரு கோல்டு ஸ்டோரேஜில் மேனேஜர். ஐஸ்கிரீம், பட்டாணி, வெளிநாட்டு மீன் எல்லாம் அடுக்கிவைக்கிற இடம். ஷிப்ட் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். கம்ப்யூட்டர் தெரிய வேண்டும், தமிழிலும் கன்னடத்திலும் ஆட்களை அதட்டத் தெரிய வேண்டும்.

"ஒங்க வூட்டுக்காரர் சும்மாத்தான இருக்காரு மேடம்?" என்று கேட்டான். நிலையத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "ஆனா வெள்ளிக்கிழமை காலைல பத்தரைக்குள்ள அவரு வாயாலயே ஒரு வார்த்த 'வர்றேன்'னு சொல்லணும். போன தடவ ரெண்டு பேருக்கு அவங்க பொண்டாட்டிங்க சரின்னாங்க, ஆளுங்க வரவே இல்ல. எங்கண்ணன் கடுப்பாய்ட்டான். பத்தர தாண்டுச்சுன்னா ஓனரோட மச்சான் ரெடியா நிக்கிறான்."

அது புதன்கிழமை. அவர் வாயால் ஒரு வார்த்தை வர வேண்டுமென்றால் அவரிடம் வேலையைச் சொல்ல வேண்டும். வேலையைச் சொல்ல வேண்டுமென்றால், உங்களுக்கு வேலை இல்லை என்று முதலில் சொல்ல வேண்டும். அன்று மாலை லாவண்யா மூன்று முறை வாயைத் திறந்தாள். முதல் முறை, "மோர் ஊத்தவா" என்றாள். இரண்டாவது முறை, "கேஸ் தீரப்போகுது" என்றாள். மூன்றாவது முறை கொட்டாவியாக முடிந்தது.

எனவே வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு அவர் பின்னாலேயே போனாள். இந்த மனிதர் பதினோரு மாதமாக எங்கேதான் போகிறார் என்று பார்த்துவிட்டால், அந்த இடத்திலேயே கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிடலாம் என்பது திட்டம்.

அவர் வெகுதூரம் போகவில்லை. ஐந்து தெரு தள்ளி, ஒரு கோழிக்கடைக்குப் பக்கத்தில் இருந்த படிக்கட்டில் ஏறினார். மாடியில் ஏதோ ஒரு ட்யூஷன் சென்டரின் பழைய போர்டு, பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு என்று இன்னும் சத்தியம் செய்துகொண்டிருந்தது. வாசலில் ஷூக்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்குள்ளும் சாக்ஸ் திணித்திருந்தது. லாவண்யா பாதிப் படியில் நின்று, கம்பி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

பத்தொன்பது பேர் வட்டமாக நின்றிருந்தார்கள். எல்லோர் கழுத்திலும் டேக். நீலம், சிவப்பு, பச்சை, கம்பெனிக்கு ஒரு நிறம். எல்லா உறையும் காலி. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அந்தப் பழைய லேப்டாப் திறந்திருந்தது. முன்னால் ஒரு செம்பருத்திப் பூ. திரையில் இருந்தது இவ்வளவுதான்: காத்திருக்கவும், மீட்டிங்கை நடத்துபவர் விரைவில் உங்களை உள்ளே அனுமதிப்பார்.

இதை இந்த இடத்தில் விளக்கிவிடுவது நல்லது. மதங்கள் எப்படித் தோன்றுகின்றன என்பதற்குப் பெரிய பெரிய பதில்கள் உண்டு. ஈஜிபுராவில் ஒன்று மழையால் தோன்றியது.

இராஜமாணிக்கம் பதினாறு வருட அனுபவத்துக்குப் பின் கம்பெனியில் பார்த்த வேலை, தினமும் காலை பத்துப் பேரை வட்டமாக நிற்கவைத்து மூன்று கேள்வி கேட்பது. நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப்போகிறாய், ஏதாவது தடை உண்டா. உட்கார்ந்தால் பேச்சு நீளும் என்பதால் நிற்க வேண்டும். வேலை போனதும் புரோகிராம் எழுதத் தெரிந்தவர்கள் வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தார்கள். இவருக்குக் கேட்கத்தான் தெரியும். வீட்டில் சொல்லாமல் கிளம்பிய முதல் நாள் ஒரு பார்க்கில் தன்னைப்போலவே தேய்த்த சட்டையோடு உட்கார்ந்திருந்த இரண்டு பேரைப் பார்த்தார். மணி ஒன்பதே கால். கை கால் ஓடவில்லை. "எந்திரிங்க, கேட்டுடலாம்" என்றார். அவர்களும் எழுந்து நின்றார்கள். நேற்று என்ன செய்தாய்?

அது பிடித்துப்போயிற்று. ஒருவருமே தன்னைக் கேட்காத கேள்வியைத் தினமும் காலையில் ஒருவர் கேட்டால் யாருக்கும் பிடிக்கும். பத்துப் பேர் ஆனபோது மழைக்காலம் வந்தது. ட்யூஷன் சென்டர் அறையைப் பிடித்தார்கள். அறையோடு சுவரும் கிடைத்ததால், கம்பெனியில் செய்தமாதிரியே சுவரில் மூன்று பத்தி வரைந்தார்கள்: செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது. ஆளுக்கொரு மஞ்சள் ஒட்டுச்சீட்டில் தன் காரியத்தை எழுதி ஒட்ட வேண்டும்.

கம்பெனி சம்பளப் பிரிவில் முப்பது வருடம் இருந்த பழனிச்சாமி, வேலையைப் பிரித்துக்கொள்ளும் இரண்டு வாரத் தவணை என்பது அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சரியாக வருகிறது என்று காலண்டரைப் பார்த்துச் சொன்னார். அன்றிலிருந்து எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தார். ஒருவர் எழுத ஆரம்பித்தபின் எந்தப் பேச்சும் வெறும் பேச்சாக இருப்பதில்லை. பழைய மீட்டிங் லிங்க் ஒன்று இராஜமாணிக்கத்தின் லேப்டாப்பில் இன்னும் திறந்தது. அதை நடத்துபவர் அமெரிக்காவில் இருப்பவர். வேலை இருந்த காலத்திலேயே அவர் ஒரு நாளும் வந்ததில்லை. அதனால் அவர் இப்போது வராததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தினமும் திறந்துவைத்தார்கள். யாரோ பூ வைத்தார்கள்.

சரளா வந்தது நான்காவது மாதம். அறுபது பேரைப் பன்னிரண்டு நிமிடத்தில் அனுப்பிய ஹெச்.ஆர். அம்மையார் அவர்தான். அவரை அடுத்த வாரம் ஆறு நிமிடத்தில் அனுப்பினார்கள். மன்னிப்புக் கேட்கத்தான் படியேறினார், நின்றுவிட்டார். அவர் வந்தபோது சுவரிலிருந்த எல்லாச் சீட்டும் "முடிந்தது" பத்தியில் இருந்தது. கம்பெனிப் பழக்கம், வெள்ளிக்கிழமை ஆனால் கை தானாக நகர்த்திவிடும். ஆனால் எவருக்கும் எதுவும் முடிந்திருக்கவில்லை. "இங்கயும் பொய்தானுங்களா? இனிமே ஒருத்தரும் கை வெக்கக்கூடாது. நெசமா முடிஞ்சா அதே நகரட்டும்" என்று சரளா எரிச்சலில் சொன்னார். பழனிச்சாமி எழுதிக்கொண்டார்.

எல்லாச் சீட்டையும் பழைய பத்திக்கே திருப்பி ஒட்டினார்கள். அன்றிலிருந்து சீட்டைத் தொடுவது பாவம். இடையில் மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று சீட்டு பறந்தது. விழுந்தது நகர்ந்ததாகுமா என்று இரண்டு நாள் வாக்குவாதம் நடந்து, கடைசியில் விசிறியைக் கழற்றிவிட்டார்கள். எல்லாச் சீட்டுக்கும் மேலே செல்லோ டேப் ஒட்டினார்கள். அதற்குப் பிறகு ஏழு மாதம் எதுவும் நகரவில்லை.

இதெல்லாம் படியில் நின்ற லாவண்யாவுக்குத் தெரியாது. அவளுக்குக் கேட்டது தன் கணவரின் குரல். வீட்டில் கேஸ் தீர்ந்ததைச் சொல்லும்போது இல்லாத ஒரு கம்பீரம் அதில் இருந்தது.

"ஆஷ்லி. நேத்து?"

"நேத்து மூணு எடத்துக்கு ரெஸ்யூம் அனுப்புனேன்."

"இன்னைக்கு?"

"அதே மூணு எடத்துக்கு."

"தடை ஏதாவது?"

"அப்பா ஆஸ்பத்திரில இருக்காரு சார். டாக்டர் இனிமே ஒண்ணும் இல்லன்னுட்டாரு."

"அத அப்புறம் தனியா பேசிக்கலாம்."

வட்டம் முழுவதும் தலையாட்டியது. கூட்டம் நீளக்கூடாது என்பதற்காக ஆபீசில் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். அந்த அப்புறம் எப்போது என்று ஆபீசிலும் யாரும் கேட்டதில்லை.

"உமேஷ். நேத்து?"

"நேத்து ஏனும் இல்ல குரு. இன்னைக்கும் ஒண்ணும் இல்ல. தடையும் இல்ல. சொல்பம் பசி."

பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. கீழே டீ குடிக்க எல்லோரும் இறங்குகிற சத்தம் கேட்டதும் லாவண்யா மொட்டைமாடிப் படியில் ஏறி ஒளிந்துகொண்டாள். இறங்கி வந்தபோது அறையில் ஒரு பெண்மணி மட்டும் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க. எந்தக் கம்பெனிங்க?" என்றார் அவர், துடைப்பத்தை வைக்காமலே.

"சும்மா... விசாரிக்கலாம்னு."

"எல்லாரும் மொதல்ல விசாரிக்கத்தானுங்க வருவாங்க. நான் சரளா. ஷூவ அங்கயே விட்டிருங்க." சுவரைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினார். வேலைக்கு எடுத்த காலத்தில் புது ஆட்களுக்கு விளக்குவாரே, அதே சுருதி. நடத்துபவர் நிச்சயம் வருவார், வராமல் இருப்பதே அவர் இருப்பதற்கு அடையாளம், இல்லாத ஆளாக இருந்தால் காத்திருக்கச் சொல்வார்களா? சீட்டை மட்டும் தொடக்கூடாது. "ஏன்னா தொட்டா பொய் ஆயிருமுங்க."

"முடிஞ்ச பக்கத்துல ஒண்ணுமே இல்லயே" என்றாள் லாவண்யா.

"அதானுங்க உண்ம" என்றார் சரளா பெருமையாக. பிறகு டம்ளர் கழுவப் பின்பக்கம் போனார்.

லாவண்யா சுவரருகே போனாள். "செய்துகொண்டிருப்பது" பத்தியில், எல்லாவற்றுக்கும் மேலே, பழசாகி வெளிறிப்போன முதல் சீட்டு. அந்தச் சாய்ந்த கையெழுத்தை மளிகைப் பட்டியலில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

லாவண்யாவிடம் சொல்ல வேண்டும்.

அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பதினோரு மாதமாக இந்த ஆள் தினமும் வந்து, இதைச் செய்துகொண்டே இருந்திருக்கிறார்.

உண்மையில் இது முடிந்துவிட்ட காரியம். அவளுக்குத் தெரியும். சொல்ல இனி ஒன்றும் மிச்சமில்லை. அந்தச் சுவரில் இருந்த அத்தனை சீட்டிலும், பொய் சொல்லாமல் நகரக்கூடியது இது ஒன்றுதான். நகர்ந்ததை அவர் பார்ப்பார், புரிந்துகொள்வார், வீட்டுக்கு வந்து உட்காருவார், அத்திபெலே விஷயத்தைச் சொல்லிவிடலாம். யோசனையில் ஒரு ஓட்டையும் இல்லை. செல்லோ டேப்பை நகத்தால் மெதுவாக உரித்து, சீட்டை டேப்போடு "முடிந்தது" பத்தியின் நடுவில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். படியிறங்கி நேராக வேலைக்குப் போய்விட்டாள்.

மாலை அவர் வழக்கமான நேரத்துக்கு வந்தார். முகத்தில் ஏதோ ஒன்று இருந்தது. கைகால் கழுவி, தட்டின் முன்னால் உட்கார்ந்தார். லாவண்யா ரசம் ஊற்றினாள். அவர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு ஆபீஸ்ல ஒரு பெரிய விஷயம் நடந்துச்சு" என்றார்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னது?"

சாதத்தைப் பிசைந்தார். "ரொம்ப நாளா ஒண்ணு நின்னுட்டே இருந்துச்சு. இன்னைக்கு முடிஞ்சிருச்சு."

"யாரு முடிச்சாங்க?"

"தெரியல" என்றார். "அதான் பெரிய விஷயம்."

இருவரும் உண்மையின் வாசலில்தான் நின்றிருந்தார்கள். ஒருவர் ஒரு அடி எடுத்துவைத்திருந்தால் போதும். "இன்னும் கொஞ்சம் ரசம்?" என்றாள் லாவண்யா. "கொஞ்சமா" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு அவர் கிளம்பினார். இனி மறைந்து போவதற்கு ஒன்றுமில்லை என்று ஒன்பதரைக்கு லாவண்யாவும் கிளம்பினாள். நேராக உள்ளே போய், எல்லோர் முன்னாலும் சொல்லி, பத்தரைக்குள் போனை அவர் காதில் வைத்துவிட வேண்டும்.

கோழிக்கடை மூடியிருந்தது. ஷூக்கள் படிக்கட்டு நிரம்பித் தெருவுக்கு வந்துவிட்டன. அறுபது பேருக்குக் குறையாது. அன்று அனுப்பப்பட்ட மொத்தப் பேரும் திரும்பி வந்துவிட்டமாதிரி இருந்தது. கடைக்கார விக்கி கடையை மூடிவிட்டு வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான்.

"லைன்ல வாங்க மேடம். விசிறியே இல்லாத ரூமு, காத்தும் இல்ல, சீட்டு தானா நகந்துருக்கு. செல்லோ டேப்போட! டேப்புல ஊதாவா ஒரு ரேகை. மனுச ரேகை மாதிரியே இருக்குன்றாங்க."

அப்போதுதான் கவனித்தாள். வரிசையில் நின்ற எல்லோருடைய வலது கட்டைவிரலும் ஊதாவாக இருந்தது. தெருமுனை ஸ்டேஷனரிக் கடையில் ஸ்டாம்ப் பேடு தீர்ந்துவிட்டதாம். விக்கி அவள் விரலைப் பார்த்தான். அங்கிருந்த எல்லோருடையதையும்விட அழுத்தமான ஊதா. "ஐயோ, முன்னாடியே சொல்லக்கூடாதா" என்று வழிவிட்டான்.

உள்ளே சரளா அவளை அடையாளம் கண்டுகொண்டார். "நேத்து வந்தவங்கதான? பாத்தீங்களா, நீங்க வந்துட்டுப் போன அன்னைக்கே!"

"நான்தாங்க நகர்த்துனேன்" என்றாள் லாவண்யா.

சரளாவின் கண் கலங்கிவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "தெரியுமுங்க. நானுந்தான். நேத்து சாயங்காலத்துல இருந்து பதினாலு பேரு இதயே சொல்லிட்டாங்க. அவங்கவங்க உள்ளுக்குள்ள இருந்துதான் நகந்திருக்கு. பழனிச்சாமியண்ணா, இவங்களையும் எழுதிக்குங்க, பதினஞ்சு."

பழனிச்சாமி எழுதிக்கொண்டார்.

வட்டத்துக்கு நடுவிலிருந்து இராஜமாணிக்கம் அவளைப் பார்த்தார். பின்பக்கம் டம்ளர் கழுவும் இடத்துக்கு நடந்தார். அவள் பின்னாலேயே போனாள். தொட்டியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"உன் ரேகைன்னு தெரியும்" என்றார். "ஆறு வருஷமா என் தட்டுல பாக்கறேன்."

"அப்ப நேத்தே ஏன் சொல்லல?"

"நீ எப்போலேர்ந்து சொல்லல?"

எதிர்பார்த்த கேள்விதான். "ரெண்டாவது மாசத்துலேர்ந்து."

அவர் விரல் விட்டு எண்ணினார். "ஒம்போது மாசம் தெரிஞ்சே டிபன் கட்டுனியா?"

"எங்க போனாலும் பசிக்குமில்ல."

அவர் குழாயை இறுக்கி மூடப் பார்த்தார். அது மூடவில்லை. லாவண்யா அத்திபெலேயைச் சொன்னாள். கோல்டு ஸ்டோரேஜ், ஷிப்ட், பத்தரை மணி, ஒரே ஒரு வார்த்தை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே கோவிந்தனின் போன் வந்தது. மணி பத்து இருபத்தைந்து. அவள் எடுத்து, "இதோ குடுக்கறேன்" என்று கணவர் கையில் வைத்தாள்.

இராஜமாணிக்கம் காதில் வைத்துக்கொண்டார். "சார், எங்கண்ணன் பக்கத்துலயே இருக்கான், வர்றேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார்" என்று கோவிந்தன் கத்துவது அவளுக்கும் கேட்டது. அவர் வாயைத் திறந்தார். கதவிடுக்கு வழியாக அறுபது பேர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆஷ்லி புதிதாகத் தேய்த்த சட்டை போட்டிருந்தான். அவன் அப்பா அன்று விடியற்காலை இறந்திருந்தார். மாலைதான் அடக்கம் என்று, நடுவில் வந்திருந்தான்.

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டார். "இத்தன நாள்ல இவங்களுக்கு நகந்தது இது ஒண்ணுதான் லாவண்யா. இப்ப நான் எறங்கிப் போயி, அது என் சம்சாரம் ஒட்டுனதுன்னு சொல்லவா?"

"சொல்லாம வாங்க. எனக்கு அது போதும்."

"நாளைக்கு ஒம்போதே காலுக்கு இவங்க எங்க போவாங்க?"

"நீங்க எங்க போவீங்க?"

"எனக்கும் தெரியல. அதனாலதான இங்க வர்றேன்" என்றார். போனை அவள் கையில் திருப்பி வைத்தார். அதில் கோபமோ நாடகமோ இல்லை. சந்தையில் தக்காளியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பாரே, அப்படி.

மணி பத்து இருபத்தெட்டு. "அண்ணா, டைம் ஆய்த்து, கூப்டுறாங்க" என்று உமேஷ் எட்டிப் பார்த்தான். இராஜமாணிக்கம் உள்ளே போனார். லாவண்யா கையில் உயிரோடு இருந்த போனைப் பார்த்தாள், உமேஷைப் பார்த்தாள், அவன் வாயருகே நீட்டினாள்.

"வர்றேன்னு சொல்லு."

"ஏனு அண்ணி?"

"சொல்றா."

"வர்றேன்" என்றான் உமேஷ். மறுமுனையில் கோவிந்தன் மகிழ்ந்து, திங்கட்கிழமை ஆறு மணிக்கு என்று சொல்லி வைத்துவிட்டான்.

"என்ன வேல அண்ணி?"

"குளுர்ல நிக்கணும். அத்திபெலேல."

"நிக்கறதுதான, நமக்குத் தெரிஞ்சதுதான்" என்றான். பிறகுதான் அவனுக்கு விளங்கியது. அழுதுகொண்டே உள்ளே ஓடினான். அவனிடம் அங்கேயே சொல்லியிருக்கக்கூடாது என்று லாவண்யாவுக்கு அப்போதே தோன்றியது. உள்ளே எழுந்த கூச்சல் கீழே தெருவரை கேட்டிருக்கும். உமேஷின் சீட்டில் "எங்கயாவது" என்று எழுதியிருந்தது. அதை யார் நகர்த்துவது என்று ஒரு நிமிடம் மொத்தக் கூட்டமும் திகைத்து, பிறகு ஒன்றாக அவள் பக்கம் திரும்பியது. நேற்று அவள் நகர்த்தியதை நம்பாதவர்கள், இன்று அவள் நகர்த்தாததை நம்பினார்கள். சரளா அவள் மணிக்கட்டைப் பிடித்துச் சுவரருகே கூட்டிப்போய், அந்த ஊதா விரலைச் சீட்டின் மேல் வைத்து, "முடிந்தது" பத்திக்கு இழுத்துக்கொண்டு போனார். அறுபது பேரும் கை தட்டினார்கள். உமேஷ் டேக்கைக் கழற்றி, நாற்காலியிலிருந்த லேப்டாப்புக்கு மாலைபோலப் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் படியிறங்கினான்.

அவன் போனதை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் தங்கள் சீட்டைக் காட்டி அவளை அழைத்துக்கொண்டிருந்தார்கள். "மேடம், இது." "அக்கா, எனக்கு ரெண்டு பசங்க." "இது கூட வேணாம், கீழ இருக்கறது மட்டும்."

"ஒழுங்கா நில்லுங்க! மொதல்ல அவங்களோடத எழுதட்டும்" என்று சரளா அதட்டி, மஞ்சள் சீட்டுக் கட்டையும் பேனாவையும் அவளிடம் கொடுத்தார்.

அப்போதே இறங்கிப் போயிருக்கலாம். அன்று பதினொன்றுக்கு அவளுக்கு ஷிப்ட். உண்மையிலேயே போவதற்கு ஆபீஸ் இருந்த ஒரே ஆள் அந்த அறையில் அவள்தான். ஆனால் அவள் கூட்டிப்போக வந்தவர் வட்டத்தில் நின்றிருந்தார். எழுதினாள்: இவரை வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும். பழனிச்சாமி அதை வாங்கி முதல் பத்தியில் ஒட்டி, நான்கு பக்கமும் செல்லோ டேப் போட்டார். நகம் நுழையாதபடி நன்றாகத் தேய்த்தும்விட்டார்.

வட்டத்தில் உமேஷ் நின்ற இடம் காலியாக இருந்தது. அங்கே நின்றாள். லேப்டாப் திரை காத்திருக்கச் சொன்னது. முறை சுற்றி வந்தது.

"லாவண்யா" என்றார் இராஜமாணிக்கம். வீட்டில் கூப்பிடுவதைவிட நன்றாகவே இருந்தது. "நேத்து?"

"நேத்து ஒரு சீட்ட நகர்த்துனேன்."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு உங்கள கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

"தடை ஏதாவது?"

அவள் அவரையே பார்த்தாள். "நீங்கதான்."

வட்டம் முழுவதும் தலையாட்டியது. பழனிச்சாமி எழுதிக்கொண்டார்.

"அத அப்புறம் தனியா பேசிக்கலாம்" என்ற இராஜமாணிக்கம், அடுத்து நின்றவரைப் பார்த்தார்.